யாருமில்லை என்று பாடிய சோலோ

உலகத்திலேயே தனியாகப் பாட முடியாத ஒரே தனிப்பாடகர் எங்கள் காம்பவுண்டு மொட்டை மாடியில்தான் குடியிருந்தார். இதை நான் அடித்துச் சொல்வேன். அடித்துச் சொல்வது என் வழக்கமில்லை. பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்துக்கொண்டு நின்றால், அவர் இறங்கும் வரை காத்திருந்து காலை எடுத்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் வந்து மறுத்தாலும் விட மாட்டேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் காம்பவுண்டு. ஏழு குடித்தனம், நடுவில் ஒரு குழாயடி. அவர் வந்து இறங்கிய அன்று என் மனைவி மல்லிகா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி இன்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டாள்.

"பாட்டு எழுதிப் பாடறேங்க்கா. முன்னாடி ஒரு பேண்டுல இருந்தேன், அஞ்சு பேரு. இப்போ நான் சோலோ."

சாயங்காலத்துக்குள் ஏழு குடித்தனத்துக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. ஓனரம்மா மட்டும் அப்படிக் கூப்பிட மறுத்தார். அவர் கன்னடக்காரர். கன்னடத்தில் 'சோலு' என்றால் தோல்வி. "வாழ வேண்டிய புள்ளையை வாசல்லயே தோத்துப்போனவன்னு கூப்பிடுவாங்களா?" என்று எங்களைத் திட்டிவிட்டு, அவர் 'கிட்டாரு' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஆள் ஒல்லி. தாடி. தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பார். மல்லிகாவின் கொண்டையைவிட அது பெரியது. முதல் வாரமே அவள் எந்த எண்ணெய் என்று விசாரித்துவிட்டாள்.

அவரைச் சாமான்களோடு கொண்டுவந்து இறக்கியவன் எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் தனபால். சாமான்கள் என்றால் ஒரு கிட்டார், ஒரு சூட்கேஸ், ஒரு பாய், மற்றபடி ஆட்டோ நிறைய முட்டை அட்டைகள். ஓனரம்மா சுத்த சைவம். அடுக்கி வைத்திருந்த அட்டைகளைச் சுற்றி வந்தார்.

"மொட்டெ எல்லி?" என்றார். முட்டை எங்கே என்று கேட்கிறார்.

"முட்டை இல்லீங்கம்மா. அட்டை மட்டும்தான். செவுத்துல ஒட்டுவேன். வெளிச் சத்தம் உள்ள வராது, ரெக்கார்ட் பண்ணலாம்."

ஓனரம்மா நம்பவில்லை. இத்தனை அட்டை இருந்தால் அத்தனை முட்டையும் இருந்தாக வேண்டும். இங்கே இல்லையென்றால் இந்தப் பையன் எங்கேயோ உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. வெகு நாள்வரை மாடிப்படியில் சோலோ எதிரே வந்தால் ஓனரம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்.

நாலு சுவரிலும் அட்டை ஒட்டியாகிவிட்டது. ஆனால் கூரை சிமென்ட் ஷீட். மேலே காக்கா நடந்தால் உள்ளே யானை நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்த மேலே போனேன். சோலோ கிட்டாரில் இரண்டு கம்பிகளைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "என்ன தம்பி பண்றீங்க?" என்றேன்.

"என் சவுண்டைத் தேடிட்டு இருக்கேங்ணா."

"கம்பியை மாட்டினா வருமே."

"அது கிட்டார் சவுண்டுங்ணா. நான் சொல்றது என் சவுண்டு. ஒருத்தர் கண்ணை மூடிட்டுக் கேட்டாலும், இது இவன்தான்னு தெரியணும். பேண்டுல அஞ்சு பேர் வாசிச்சோம், எல்லாம் ஒண்ணாக் கலந்து கூட்டமா இருந்துச்சு. அதுல நான் யாருன்னு எனக்கே தெரியலை."

எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை செய்கிற பேக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். அவர் செருப்புச் சத்தம் அப்படி. செருப்பை மாற்றிப் பாருங்கள் தம்பி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அவர் தன் கதையைச் சொன்னார். ஊர் கரூர். சித்தப்பா பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறார். "தீபாவளி வரைக்கும்தாங்ணா டயம். அதுக்குள்ள ஒரு வழி தெரியலைன்னா சித்தப்பா ஆபீஸ்ல வந்து உக்காருன்னு அப்பா சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன். போனா அவ்ளோதான். பெட்ஷீட்டுக்கு நடுவுல பாட்டு வராது."

"வராதா?"

"தூக்கம்தான் வரும்."

அதிலிருந்து அவர் தன் சத்தத்தைத் தேடிய தேடலை நாங்கள் எல்லோரும் கவலையோடு பார்க்க ஆரம்பித்தோம். கிட்டாருக்குள் ஒரு கர்ச்சீப்பைத் திணித்துப் பார்த்தார். கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டி வைத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் மொட்டை மாடியில் இருக்கிற கறுப்புத் தண்ணீர் டேங்கைக் கண்டுபிடித்தார். டேங்க் காலியாக இருக்கும்போது மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பாடினால், கர்ப்பகிரகத்தில் நின்று பாடுகிற மாதிரி எதிரொலிக்குமாம்.

கீழே மல்லிகா பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. பாட்டு வந்தது.

அவள் குழாயை மூடினாள். பாட்டு நிற்கவில்லை. "ஏங்க, இங்க வாங்க, குழாய்ல யாரோ அழுவுறாங்க" என்று கத்தினாள். அதற்குள் ஓனரம்மா, டேங்கில் தண்ணீர் இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டு, மோட்டாரைப் போட்டுவிட்டார். எங்கள் போர்வெல் தண்ணீருக்கு வேகம் அதிகம். சற்று நேரத்தில் சோலோ கொண்டையிலிருந்து நீர் சொட்டச் சொட்டப் படியிறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் துண்டு கேட்டார்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. அவரால் சமாளிக்க முடியாமல் போனது எங்கள் வாய்.

தெரு முனையில் ஒரு சின்ன ராமர் கோயில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் பஜனை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரி பாடுவார். அந்த வரி முடிகிற இடத்தை மற்றவர்கள் வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். வாங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அது மரியாதை இல்லை. படியில் தடுமாறுகிறவருக்குக் கை கொடுக்காமல் வேடிக்கை பார்ப்பது மாதிரி. சாவு வீட்டில் இரவெல்லாம் பாடுகிறபோதும் அப்படித்தான், கல்யாணத்தில் நலங்கு வைக்கிறபோதும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒருவர் பாட்டை ஆரம்பிக்கலாம், ஆனால் ஒருவரே முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. பேச்சு வந்த வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம். எங்கேயாவது ஒரு வரி முடிந்தால் எங்கள் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

சோலோ ஒரு பாட்டை எழுதி முடித்துவிட்டு, ஒரு சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து முதல்முறையாக முழுக்கப் பாடினார். ரொம்பச் சோகமான பாட்டு. பெரிய ஊரில் தனியாக இருப்பவனைப் பற்றியது.

"மழை வந்தால் குடை பிடிக்க யாருமில்லை…"

கீழே ஆட்டோ கழுவிக்கொண்டிருந்த தனபால், தலையைத் தூக்காமலே, "யாருமில்லை…" என்று வாங்கினான்.

"பேர் சொல்லிக் கதவு தட்ட யாருமில்லை…"

"யாருமில்லை…" இந்தத் தடவை சமையலறையிலிருந்து மல்லிகா. குழாயடியிலிருந்து இரண்டு பேர். மூன்றாவது வரிக்கு ஏழு குடித்தனமும் சேர்ந்துவிட்டது. யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். தனக்கு யாருமே இல்லை என்று ஒரு மனிதர் மாடியில் உருகிக்கொண்டிருக்க, யாருமில்லை, யாருமில்லை என்று ஒரு கூட்டமே கீழிருந்து உற்சாகமாக ஆமோதித்துக்கொண்டிருந்தது.

பாட்டு பாதியில் நின்றது. கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டை தெரிந்தது. பிறகு ஆளே இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏங்ணா, கிண்டல் பண்றீங்களா?"

தனபால் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தான். "கிண்டலா? இன்னா தம்பி இப்டி சொல்லிட்ட? நீ பாட்டுக்குத் தனியா பாடிக்கினு இருந்தியா, கேக்கவே பேஜாரா இருந்துச்சு. அதான் கை குடுத்தோம்."

"இது தனியாப் பாட வேண்டிய பாட்டுங்ணா. நான் சோலோ."

"தெரியும் குரு. அதுக்குன்னு அப்டியே வுட்டுடுவாங்களா?"

மல்லிகா கரண்டியோடு வெளியே வந்தாள். "குடை பிடிக்க ஆள் இல்லைன்னு பாடறியே தம்பி, போன வாரம் மழையில உன் பாயை எடுத்து உள்ள வெச்சது யாரு?"

சோலோ திரும்பிப் படியேறிவிட்டார். ஏனென்றால் எடுத்து வைத்தது அவள்தான்.

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க ஒருத்தர்தான் பாடலை. நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்." நானும் பாடினேன், சத்தம் வெளியே வரவில்லை, அவ்வளவுதான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். எல்லோரும் பெரிய மனதோடு சரி என்றார்கள். சொல்லிவிட்டு வாய் கேட்க வேண்டுமே. தனபால் பாட்டுச் சத்தம் கேட்டால் வாயில் பீடா போட்டுக்கொள்வான். பீடாவோடேயே வாங்குவான். மல்லிகா முந்தானையைக் கடித்துக்கொள்வாள். அப்போது மூக்கால் வரும்.

ஒரு மத்தியானம் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தி, மிக்ஸி போடாமல், குக்கர் வைக்காமல், அவர் ரெக்கார்ட் செய்ய ஒத்துழைத்தோம். மாடியில் அவர் பாடுவது கேட்டது. முதல் வரி முடிந்தது. ஒரு வீட்டிலிருந்தும் மூச்சு இல்லை. அப்பாடா என்று நான் நினைத்த நேரத்தில், கீழே வெயிலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஓனரம்மா, தமிழ்ப் பாட்டென்றாலே காதில் வாங்காத ஓனரம்மா, நல்ல சுருதியில், "யாருமில்லா…" என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தார்.

சோலோவும் விடவில்லை. வரியே முடியாத மாதிரி ஒரு பாட்டு எழுதினார். ஒரே மூச்சில் ஓடும். எங்களுக்கு வாங்க இடம் கிடைக்காது. ஆனால் அவருக்கு மூச்சு விடவும் இடம் கிடைக்காமல், நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தனபால் சோடா வாங்கிக்கொண்டு ஓடினான். இங்கிலீஷில் ஒரு பாட்டு பாடிப் பார்த்தார். சொல் தெரியாததால் நாங்கள் ராகத்தை மட்டும் வாங்கினோம்.

கடைசியில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று சொல்ல முடியாது. மழைக்காலம் ஆரம்பித்தபோது கவனித்தேன். சாயங்காலம் மாடியில், "மழை வந்தால் குடை பிடிக்க…" என்று பாடி நிறுத்துவார். அந்தக் கடைசிச் சொல்லை அவர் பாடுவதே இல்லை. கீழேயிருந்து நாங்கள் பாடுவோம். அந்த நேரத்தில் அவர் டீ ஒரு வாய் குடித்துக்கொள்வார். பிறகு அடுத்த வரி. அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்.

தீபாவளி நெருங்கியது. கரூரிலிருந்து போன் அடிக்கடி வந்தது. சித்தப்பா ஆபீஸில் அவருக்கு மேஜை நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார்களாம். அறையைக் காலி செய்யப்போவதாக ஓனரம்மாவிடம் சொல்லியும்விட்டார். ஓனரம்மா அன்று சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம்.

அப்போதுதான் அந்தக் காபிக் கடை அழைப்பு வந்தது. இந்திரா நகரில் ஒரு காபிக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் பாட இடம் கொடுத்திருந்தார்கள். பாட்டு வெளியிடுகிற ஒரு கம்பெனியிலிருந்து ஒரு மேடம் கேட்க வருகிறார். ஒரே ஒரு புதுப் பாடகரைத் தேடுகிறார்கள். பிடித்துப்போனால் அவர்கள் செலவில் பாட்டைப் பதிவு செய்து வெளியிடுவார்கள்.

சோலோ குழாயடியில் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். "ஒரு ஆளு, ஒரு கிட்டார், அவ்ளோதான்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. கூட யாரும் பாடக்கூடாது. இதுதான் கடைசி சான்ஸ். இது போச்சுன்னா திங்கக்கிழமை நான் கரூர். அதனால…" அவருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "நீங்க யாரும் வர வேண்டாம்."



"அதெப்படி?" என்றாள் மல்லிகா. "யாருமில்லைன்னு பாடற புள்ளைக்கு நிஜமாவே யாரும் வரலைன்னா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"வந்தா பாடிடுவீங்கக்கா."

"பாட மாட்டோம். நான் பொறுப்பு."

ஆட்டோவில் இடம் இருந்த வரைக்கும் போனோம். தனபால் ஓட்ட, பின்னால் மல்லிகா, ஓனரம்மா, நான். சோலோ கிட்டாரோடு முன்னாலேயே போய்விட்டார். வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மல்லிகா கமர்கட் வாங்கினாள். அதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொறுப்பு. கமர்கட்டை வாயில் போட்டுக் கடித்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாமியே வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்டாலும் கையால்தான் சொல்ல வேண்டும்.

காபிக் கடை உள்ளே இருட்டாக இருந்தது. பலகையில் எழுதியிருந்த காபிப் பெயர்களில் ஒன்றுகூடக் காபி மாதிரி இல்லை. ஏதோ ஒன்றைக் கைகாட்டினேன். பொம்மை டம்ளரில் கறுப்பாக வந்தது. தனபால் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாவம்ணா, பால் ஊத்த மறந்துட்டாங்க. சொல்லாதே, வேலை போயிடும்" என்றான்.

சுற்றிலும் சின்ன வயதுக்காரர்கள். எல்லோரும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். சோலோ மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மீட்டியபோது பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் மேஜையில் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். அவர்தான் கம்பெனி மேடம். அவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லிகா கண்ணைக் காட்டினாள். நாங்கள் கமர்கட்டை வாயில் போட்டுக் கடித்தோம். ஓனரம்மா பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

"மழை வந்தால் குடை பிடிக்க…"

சோலோ நிறுத்தினார்.

அந்தச் சொல்லை அவர் பாடப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். வழக்கம்போல ஒரு கை பக்கத்தில் டீயைத் தேடியது. டீ இல்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் கன்னம் உப்ப, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தோம். தனபால் பல்லைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சோலோ தானே பாடிவிடலாம் என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த இடத்தில் கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை, ஒன்றுமே இல்லை.

போச்சு, எங்களால்தான் போச்சு, திங்கட்கிழமை கரூர் என்று நினைத்தேன்.

பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்தினார். பாட்டு ஏன் நின்றது என்று இன்னொருவர் திரும்பினார்.

"பேர் சொல்லிக் கதவு தட்ட…"

மறுபடியும் ஒன்றுமில்லை. இந்தத் தடவை அவர் டீயைத் தேடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பாடியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், சரியாக, காத்திருந்தார். என் தலைக்குள் ஏழு குடித்தனமும் பாடியது. மல்லிகாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். தனபாலுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கமர்கட்டாலா பாட்டாலா என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.

மூன்றாவது வரி வருவதற்குள் கடையில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. காபி இயந்திரத்தை ஓட்டுகிற பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு வரியும் பாதியில் நிற்கும். மிச்சம் என்ன என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அங்கே யாருமில்லை. அதுதான் பாட்டு. அதை எங்களைத் தவிர எல்லோரும் முதலிலேயே புரிந்துகொண்டுவிட்டார்கள் போல.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் வர நேரமாயிற்று. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், ஓனரம்மா பயந்துபோய்ப் பல்செட்டைக் கீழே போட்டுவிட்டார்.

மேடம் எழுந்து சோலோவிடம் வந்தார். நாங்கள் பக்கத்து மேஜைதான். எல்லாம் கேட்டது.

"அந்த சைலன்ஸ். ஒவ்வொரு லைன்லயும் விடறீங்களே, அதை எப்படி யோசிச்சீங்க? இப்படி நான் யாரும் பாடிக் கேட்டதே இல்லை. கண்ணை மூடிட்டுக் கேட்டாலும் இது நீங்கதான்னு தெரியும்."

சோலோ எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அது சைலன்ஸ் இல்லீங்க மேடம்," என்றார். "அங்க ஆளுங்க இருக்காங்க."

மேடத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "வாவ்" என்று சொல்லி அதைப் போனில் எழுதிக்கொண்டார். அந்த ஆட்கள் நாங்கள்தான், ஆட்டோவில் வந்திருக்கிறோம் என்று சொல்ல மல்லிகா எழுந்தேவிட்டாள். பல் பிரியவில்லை. "ம்ம், ம்ம்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பாட்டைக் கேட்டு உருகிவிட்டாள் என்று நினைத்து, மேடம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நாங்கள் வெளியே வந்து ஆட்டோ பக்கத்தில் நின்றோம். சோலோ உள்ளே மேடத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகத் தலையசைப்பது மட்டும் தெரிந்தது. அது சரி என்கிற அசைப்பா, பரவாயில்லை விடுங்கள் என்கிற அசைப்பா என்று தெரியவில்லை. தனபால் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை எட்டி உதைத்துப் பார்த்தான். ஓனரம்மா ஏதோ மந்திரம் முணுமுணுத்தார்.

சோலோ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆய்தா?" என்றார் ஓனரம்மா. ஆயிற்றா என்று கேட்கிறார்.

"ஆய்தும்மா," என்றார் சோலோ. "அப்படியே பதிவு பண்ணணுமாம். அந்தக் காலி இடத்துல எதையும் போட்டு ரொப்பக் கூடாதாம். கண்டிஷனாச் சொல்லிட்டாங்க."

தனபால் அப்படியே ஆட்டோ மேல் சாய்ந்துவிட்டான். மல்லிகாவின் கமர்கட் அப்போதுதான் கரைந்து வாய் திறந்தது. திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாடா" என்பதுதான். பிறகு கேட்டாள், "ஏன் தம்பி, அந்தச் சொல்லை நீயே பாடியிருக்கலாம் இல்ல? எங்க உசுரே போயிடுச்சு."

"பாடலாம்னுதான் வாயைத் திறந்தேங்க்கா. வரலை. அது உங்க சொல்லாச்சே."

அங்கேயே கரூருக்குப் போன் போட்டார். அவர் அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "சரிப்பா… சரிப்பா… நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்கப்பா" என்றது மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

திரும்பும்போது பின் சீட்டில் நாலு பேர் நெருக்கிக்கொண்டோம். நான், மல்லிகா, மடியில் கிட்டாரோடு சோலோ, அவர் மேல் சாய்ந்தபடி ஓனரம்மா. முட்டைக்காரப் பையன் பக்கத்தில் அவர் முந்தானையை மூக்கில் வைக்காமல் உட்கார்ந்து வந்தது அன்றுதான்.

இப்போது சோலோ எங்கள் மாடியில் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறார். அந்தப் பாட்டை மெட்ரோவில் சின்னப் பையன்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர் பாட்டில் வரும் மௌனத்தைப் பற்றி யாரோ பெரிய கட்டுரைகூட எழுதியிருக்கிறார்களாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு மனதில் நிற்பது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானம் ஆகியும் மாடிக் கதவு திறக்கவில்லை. எத்தனையோ நாள் தூங்காத தூக்கம். அன்று எங்கள் காம்பவுண்டில் குக்கர் விசில் இல்லை, மிக்ஸி இல்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. தனபால் ஆட்டோவை ஸ்டார்ட் செய்யாமல் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போனான். நான் காய்ந்த துணியை எடுக்க மேலே போனபோது மல்லிகாவும் பின்னாலேயே வந்தாள். ஜன்னல் வழியாகக் குறட்டை கேட்டது. நல்ல நீளமான குறட்டை. ஏறிக்கொண்டே போய், உச்சியில், சட்டென்று நின்றது. நின்று காத்திருந்தது.

மல்லிகா வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றாள். "புள்ள தூங்கட்டும்."